புரோக்கன் ஹில்லில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான புரோக்கன் ஹில் போகலாமா என்று யாராவது கேட்டால் போதும், சிட்னியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப்போய் அந்தப் பொட்டல்காட்டில் எதைப் பார்ப்பது என்று உடனே பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். போய்வருகிறவர்களில் பலரும் சுரங்கக் கழிவுமேட்டின் மேல் ஒரு படம், பக்கத்துச் சில்வர்டனில் ‘மேட் மேக்ஸ்’ சினிமா கார்களோடு ஒரு படம், அவ்வளவுதான். எனக்கு இதில்தான் எரிச்சல். அந்த மேட்டிலேயே சுரங்கத்தில் செத்த 800க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன, யார் எப்படிச் செத்தார் என்பதோடு. அதைப் படிக்காமல் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கினால் எப்படி?

2015இல் இந்த ஊரைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு நகரமே அப்படிச் சேர்ந்தது அதுதான் முதல்முறை. வெள்ளியும் ஈயமும் கொட்டிக் கொடுத்த ஊர், சரி. ஆனால் என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடம், ஊரின் வடக்கே சிவப்புச் சாயம் பூசி நிற்கிற சின்னத் தகரப் பள்ளிவாசல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டகக்காரர்கள் கட்டியது. ஆஃப்கானியர் என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டார்களே தவிர, பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஆட்களும் அவர்களில் நிறைய. ரயில் எட்டாத இடத்துக்கெல்லாம் மளிகையும் தந்திக்கம்பமும் கொண்டுபோனது அவர்களுடைய ஒட்டகங்கள்தான். அவ்வளவு உழைத்தும் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை தரவில்லை, சொந்த ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டிவரவும் வழியில்லை. லாரி வந்ததும் பிழைப்பு போனது. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒட்டக ஒழிப்புச் சட்டம் வேறு வந்தது. சுட மனசு வராமல் பலர் அவிழ்த்துவிட்டார்கள். இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் சொகுசு ரயிலுக்குச் சின்னமே ஒட்டகமும் அதன்மேல் ஒரு ஆளும்!

அப்புறம் முட்டவிஞ்சி. வடகிழக்கே, ஊரிலிருந்து 130 கிலோமீட்டர். பூர்வகுடிகளின் பாறை ஓவியங்களும் செதுக்கல்களும் உள்ள இடம், 1998இல் அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஓவியங்கள் உள்ள முக்கியப் பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தும் தனியாகப் போகக்கூடாதா என்று சிலர் குமுறுகிறார்கள். கூடாதுதான். பூர்வகுடிகள் புனிதமாக நினைக்கும் உலுரு பாறையில் 2019இல் ஏறுவதை நிறுத்தியபோதும் இதே குமுறல்தான். அது பூர்வகுடிகளுடைய வீடு, வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தானே உள்ளே போகணும்? அங்கேயே வளர்ந்தவர் கூட நின்று சொன்னால்தான் அந்தக் கைத்தடங்கள் என்னவென்று நமக்குப் புரியும்.

போகிறவர்கள் மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள், கோடை வெயில் தாங்காது. பள்ளிவாசல் எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் அடிலெய்டு நேரம்தான், சிட்னிக்கு அரை மணி பின்னால்.