உதவி இருக்கிறது, மொழிதான் இல்லை

எதிர்பாராமல் கருவுற்ற, ஸ்பானிய மொழி பேசும் தம்பதிகளுக்கு அமெரிக்காவின் டெக்சாஸில் உதவியே இல்லை என்கிறது ஒரு கட்டுரை. இருக்கிறது! வருமான வரம்புக்குள் வந்தால், குடியேற்ற ஆவணம் இல்லாத கர்ப்பிணிக்கும் ‘சிப் பெரினேட்டல்’ திட்டத்தில் பேறுகாலப் பரிசோதனைகள் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான ‘விக்’ சத்துணவுத் திட்டமும் குடியேற்ற ஆவணம் கேட்பதில்லை. இதை அவர்கள் மொழியில் சொல்ல ஆளில்லாததால், பயந்து வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

அமெரிக்க மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டமே அதற்கு அடிப்படை. பள்ளிக்கூடம் போகும் மகளை மொழிபெயர்க்க நடுவில் நிறுத்தி, ‘இந்தக் கருவை என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று தாயிடம் கேட்கவைப்பது கொடுமை. ‘ப்ரொமொதோரா’ என்ற சுகாதாரப் பணியாளர்கள் அதே சமூகத்துப் பெண்கள். அவர்களிடம் கணவனும் மனம்விட்டுப் பேசுவான். முதலில் அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.