பண்பாட்டு ஆய்வுகளுக்குக் களம் மீண்டும் வேண்டும்

சினிமா, விளம்பரம், உடை, விளையாட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பேசுவதற்குப் பெயர் ஆய்வா என்று பண்பாட்டு ஆய்வுத் துறையைப் பார்த்துப் பிற துறையினர் கேட்பது புதிதல்ல. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் எந்தப் பொருளை ஆராய்கிறது என்பதை வைத்து அளந்தால் இந்தத் துறை பிடிபடாது. அன்றாட வாழ்வில் அதிகாரம் எப்படி மக்களின் சம்மதத்தோடு நிலைபெறுகிறது, எந்த இடத்தில் அது தடுமாறுகிறது என்ற கேள்விதான் இதன் பரப்பை வகுக்கிறது. அந்தக் கேள்வியைச் சம்பந்தப்பட்ட மனிதர்களிடமே போய்க் கேட்ட வரையில் துறை வலுவாக இருந்தது என்பதும், நூலகத்துக்குள்ளேயே விடை தேடத் தொடங்கிய பிறகு அது மெலிந்தது என்பதும் என் உறுதியான கருத்து.

இதன் வேர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தின் வயது வந்தோர் கல்வி வகுப்புகளில் இருக்கிறது. ரிச்சர்ட் ஹோகார்ட், ரேமண்ட் வில்லியம்ஸ், இ. பி. தாம்சன் ஆகிய மூவரும் முறையான பல்கலைக்கழகப் படிப்புக்கு வெளியே, வேலை செய்துகொண்டே படிக்க வந்தவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள். 1957 முதல் 1963 வரை அவர்கள் எழுதிய நூல்களில் அந்த வகுப்பறையின் தாக்கம் தெரிகிறது. பண்பாடு என்பது முழுமையான ஒரு வாழ்க்கைமுறை என்றார் வில்லியம்ஸ்; வாழ்க்கைமுறை என்று மட்டும் சொன்னால் மோதல் மறைந்துவிடும், அது போராட்டமுறையும்கூட என்று தாம்சன் மறுத்தார். துறையின் பிற்கால விவாதங்களில் பாதி இந்த ஒரு கருத்து வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

1964இல் ஹோகார்ட் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால், அவருக்குப் பின் தலைமையேற்று 1979 வரை அதை நடத்தினார். அங்கே ஆசிரியரும் மாணவரும் குழுவாக ஆய்வு செய்து, குழுவாகவே எழுதினார்கள். இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளின் ஆங்கிலத் தொகுப்பு 1971இல் வெளிவந்தபின், ஆளும் வர்க்கம் வற்புறுத்தலால் மட்டுமன்றி இணங்க வைத்தும் ஆள்கிறது என்ற பார்வை அவர்களுக்கு உறுதியான பிடிமானமாயிற்று.

அந்தப் பார்வையைக் களத்தில் சோதித்தவர்களில் பால் வில்லிஸ் முக்கியமானவர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்தில், படிப்பில் நாட்டமில்லாத பன்னிரண்டு தொழிலாளர் வீட்டுப் பையன்களோடு அவர் நெருங்கிப் பழகினார். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்கள் வரை பின்தொடர்ந்தார். ஆசிரியரைக் கேலி செய்வதும், சொன்னபடி கேட்கும் மாணவர்களை இளக்காரமாகப் பேசுவதும் அவர்களின் அன்றாடம். சான்றிதழ் தங்கள் வர்க்கத்தை ஒட்டுமொத்தமாக உயர்த்தப் போவதில்லை என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். ஆனால் மூளை உழைப்பை ஆண்மைக்கு இழுக்காகக் கருதிய அதே எதிர்ப்புணர்வுதான் அவர்களைத் தாமாகவே தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. எதிர்ப்பே அடங்கிப்போவதற்கு வழியாகும் இந்த முரணை, நூல், படம் போன்ற பனுவல்களை வாசிப்பதால் மட்டும் கண்டறிந்திருக்க முடியாது.

டேவிட் மோர்லியின் 1980ஆம் ஆண்டு ஆய்வும் அப்படிப்பட்டதே. பிபிசியின் ஒரு மாலைநேர நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டி அவர் பேச வைத்தார். வங்கி மேலாளர்களுக்கு அதன் அரசியலில் உறுத்தும்படி எதுவும் தெரியவில்லை. அதன் நடைதான் பிடிக்கவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அதன் அரசியலையே எதிர்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் சிலர், இது எங்களைப் பற்றியதே அல்ல என்பதுபோல் விலகி நின்றார்கள். ஒளிபரப்புபவர் ஏற்றி அனுப்பும் பொருளும் பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று 1973இல் ஹால் முன்வைத்த கருத்து இங்கே சோதிக்கப்பட்டது. வர்க்கத்தை மட்டும் வைத்து எல்லா விடைகளையும் விளக்க முடியவில்லை என்பதும் தெரியவந்தது.

மையத்துக்குள்ளேயே விமர்சனம் எழுந்தது. பெண்கள் எங்கே என்று கேட்டு 1978இல் ஒரு தொகுப்பும், இனவெறியை ஏன் ஓரங்கட்டினீர்கள் என்று கேட்டு 1982இல் மற்றொன்றும் வெளிவந்தன. இரண்டும் துறையை விரிவாக்கின.

பிறகு அது ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவியது. 1990இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த பெரிய மாநாட்டில், அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் துறைக்குக் கிடைத்த அபார வளர்ச்சியையே பெரும் ஆபத்தாகக் கண்டு ஹால் எச்சரித்தார். கோட்பாட்டை சரளமாகப் பேசும் திறமை வளர்ந்து, அதிகாரம் பற்றிய அக்கறை வெறும் சொல்லாகிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அது வீண் அச்சமல்ல. 2002இல் ஆராய்ச்சி மதிப்பீட்டில் எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை என்பதைக் காட்டிப் பர்மிங்காம் துறையையே நிர்வாகம் மூடியபோது, உலகெங்கும் பண்பாட்டு ஆய்வு என்ற பெயரில் பட்டங்கள் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தன.

கோட்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராம்ஷி இல்லாமல் வில்லிஸ் இல்லை. ஆனால் ஒரு திரைப்படத்தை எடுத்து, முன்பே தெரிந்த முடிவை அதில் கண்டுபிடித்துக் காட்டும் கட்டுரைகளுக்கு ஆய்வு என்ற பெயர் பொருந்தாது. முதுகலை மாணவர் தம் முதல் பருவத்திலேயே ஒரு பார்வையாளர் குழுவோடு அமர்ந்து, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, தம் எதிர்பார்ப்பு எங்கே பொய்த்தது என்று எழுதுவதைப் பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். மோர்லியின் ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் ஒன்றாக ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். இன்று அருகருகே அமர்ந்திருக்கும் இருவரின் கைபேசித் திரைகளில் ஓடுவது ஒன்றல்ல. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைச் செயலிகளின் கணினி நிரல்கள் முடிவு செய்கின்றன, அவை எப்படி முடிவு செய்கின்றன என்பதை நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதுமில்லை. இந்த நிலையில் அந்த இருவரையும் நேரில் கேட்காமல், திரையில் வந்ததை மட்டும் வாசித்து என்ன முடிவுக்கு வர முடியும்?