பிள்ளை வண்டிக்குப் பினாயில் வேண்டாம்

பினாயில் வாடை வந்தால்தான் துடைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள் நம் வீடுகளில். தரையோடு அது நிற்கும் வரை நான் வாய் திறப்பதில்லை. பிள்ளையை உட்கார வைக்கிற ஸ்ட்ரோலர் வரைக்கும் அந்தப் பாட்டில் வந்துவிடுகிறது, அங்கேதான் எனக்குச் சண்டை.

பிரசவத்துக்கு மார்த்தாண்டத்தில் தாய்வீடு வந்திருக்கும் உறவுக்காரத் தங்கை ஒருத்தி, "அக்கா, பேபி வண்டியத் தொடைக்க எந்த ஸ்ப்ரே வாங்கட்டும்?" என்று ஃபோனில் கேட்டாள். ஸ்ப்ரே கிடக்கட்டும், பாத்திரம் கழுவுகிற லிக்விடும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு ஏமாற்றம். பக்கத்திலிருந்த மாமி ஃபோனை வாங்கி, "மக்களே, ரெண்டு மூடி பினாயில் விட்டுத் தொடச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்லா" என்றார். மாமிக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் ஸ்ட்ரோலர் கடையிலிருந்து நேராக வந்ததாக இருக்காது. வளைகுடாவில் வேலை பார்க்கிற அண்ணனோ மச்சானோ லீவுக்கு வந்தபோது கொண்டு வந்தது. அவர் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கருங்கலில் சித்தி வீட்டுக்குப் போகும், அங்கிருந்து தக்கலைக்கு, அப்புறம் நாகர்கோவிலுக்கு. இடையில் ஆள் இல்லாத காலத்தில் பரண்மேல் கிடக்கும். பாச்சா ஏறக் கூடாது என்று சீட்டுக்குள் நாலு பாச்சா உருண்டையைப் போட்டு, பழைய சேலையைச் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் இறக்கி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்து, பிள்ளையைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

பினாயிலை விட எனக்கு இந்த உருண்டையில்தான் பயம் அதிகம். கடையில் கிடைக்கும் அந்துருண்டைகளில் பல நாப்தலீன். ஜி6பிடி என்கிற நொதி உடம்பில் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். பிறந்த பிள்ளைக்கு அதனால் மஞ்சள் காமாலை ஏறும். முற்றினால் மூளையையே பாதிக்கும். இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். சோதித்துப் பார்க்காத வரை இருப்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மற்றபடி பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அதனால் பரணிலிருந்து இறங்கிய வண்டியை முதலில் உருண்டைகளைத் தேடி எடுத்துவிட்டு, துணியையெல்லாம் கழற்றித் துவைத்து, வாடை சுத்தமாகப் போகும் வரை வெளியே காற்றில் விட வேண்டும். சிலர் சாம்பிராணி காட்டுகிறார்கள். அதில் வாடை மறையும், துணியில் ஏறிய நாப்தலீன் போகாது. கூடவே புகை வேறு. உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுக்கிற பழைய தொட்டில் சேலைக்கும் கம்பளிக்கும் இதே கதைதான்.

சரி, பினாயிலுக்கு வருவோம். கறுப்புப் பினாயில் தாரிலிருந்து வரும் பீனால் வகைச் சரக்கு. பீனால் வகைக் கிருமிநாசினிகளால் பிள்ளை படுத்திருக்கும் தொட்டிலையும் இன்குபேட்டரையும் துடைக்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பிறந்த பிள்ளைகளுக்குப் பிலிருபின், அதாவது காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பொருள், கூடியதுதான் காரணம். ஆஸ்பத்திரிக்கே வேண்டாம் என்று சொன்னதை நாம் அளவு பார்க்காமல் மூடியால் ஊற்றி, பிறகு தண்ணீரால் துடைக்காமலும் விடுகிறோம். வெள்ளைப் பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய். அதுவும் தரைக்கான சரக்குதான்.

இதில் ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆறு மாதப் பிள்ளை வண்டியில் உட்கார்ந்தால் முதலில் செய்வது முன்கம்பியைக் கடிப்பது. அடுத்து பெல்ட்டின் நுனியை எடுத்துச் சப்புவது. வண்டியில் நாம் எதைப் பூசினாலும் அது பிள்ளையின் வாய்க்குத்தான் போகிறது. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் தொட்டுக் கம்பியைத் துடைப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உண்மையில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று ஒருநாள் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சீட் துணியைக் கழற்றினால் அடியில் சிப்ஸ் தூள், பிஸ்கட், ஒற்றைக் காலுறை, சமயத்தில் மூக்குத்தித் திருகாணி. அதைவிட மோசம் இரண்டு காலுக்கும் நடுவில் வரும் பெல்ட்டும் அதன் பக்கிளும். நம் ஊரில் பிள்ளைக்கு முதல் பழம் மட்டிப்பழம்தான் (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பழம்). மசித்து ஊட்டும்போது பாதி வாய்க்குள் போகும், பாதி மோவாய் வழியாக வழிந்து பக்கிளின் பிளவுக்குள் இறங்கும். காய்ந்தால் கோந்து. சிவப்புப் பட்டனை அமுக்கினால் பாதியில் நிற்கும், அல்லது மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் வராது. அந்தப் பிளவுக்குள் சிற்றெறும்பு வரிசையாகப் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை காரணமில்லாமல் அழுகிறது என்று திருஷ்டி சுற்றுவதற்கு முன் பக்கிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் சோப்புத் தண்ணீர் போதும் என்று சொல்வது சிக்கனத்துக்காக இல்லை. சோப்பு, பிசுக்கோடு சேர்த்துக் கிருமியையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. அழுக்குக்கு மேல் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் அதன் பலத்தில் பெரும்பகுதியை அந்த அழுக்கே தின்றுவிடும். ஆகவே கழுவுவதுதான் முதல் வேலை, பல நாட்களில் அதுவே கடைசி வேலையும்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டியைக் கவிழ்த்து உதறுங்கள். கழற்ற முடிகிற துணியைக் கழற்றி, உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பார்த்துத் துவையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் லிக்விட் விட்டு, பிரஷ்ஷால் தையல் ஓரங்களைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கழற்ற முடியாததை நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் வாளியில் ஊறப்போடாதீர்கள்; மெஷினில் போடுவதும், பிளீச் தொடுவதும் கூடாது. அதன் நூலில்தான் பிள்ளையின் உயிர் இருக்கிறது. ஈரத் துணியால் நீளவாக்கில் துடைத்துக் காயவிடலாம். பக்கிளைத் தலைகீழாகப் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட்டு, பட்டனை அமுக்கி அமுக்கி விட்டால் பழக்கோந்து கரைந்து வந்துவிடும். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், மறுபடியும் இறுகும்.

யூடியூபில் வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் பொங்க வைக்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்டார்கள். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நுரையாகப் போய்விடும், மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். பார்க்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான்.

நம் குமரி மாவட்டத்தில் உண்மையான எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். ஜூன் மாதம் தொடங்கினால் குலசேகரம், திற்பரப்பு பக்கமெல்லாம் பீரோவில் இருக்கும் தோல் பையே பூத்துப்போகும். மழையில் நனைந்த வண்டியை அப்படியே மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினால், அடுத்து விரிக்கும்போது கூரைத் துணியின் மடிப்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வந்திருக்கும். அது பூஞ்சை. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. வாசனை ஸ்ப்ரே அடித்தால் பூஞ்சை சாகாது, நம் மூக்குக்குத்தான் தெரியாமல் போகும். லேசான புள்ளி என்றால் வண்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்து நல்ல வெயிலில் போட்டால் பெரும்பாலும் சரியாகும். சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு வரை இறங்கிவிட்டால் அந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுவதுதான் உத்தமம்.

காய்ந்ததா இல்லையா என்பதைத் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே மொரமொரப்பாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு காய்ந்த பருத்தித் துணியை சீட்டின் மேல் வைத்து முழங்கையால் நன்றாக அழுத்துங்கள். துணியில் ஈரம் ஏறினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். மழை விடாத வாரத்தில் கழுவவே வேண்டாம். துடைத்து, விரித்து, ஃபேனுக்கு அடியில் நிறுத்திவிட்டு, வெயில் முகம் காட்டும் காலையில் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டத்துப் பாலை ஷீட்டாக்கிக் காயவைக்க வானத்தைப் பார்த்தே பழகிய ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா என்றால், வேண்டிய நேரம் உண்டு. பிள்ளைக்கு வாந்தி பேதி வந்து வண்டியிலேயே எடுத்துவிட்டால். கை, கால், வாயில் கொப்புளம் வரும் அந்தக் காய்ச்சல் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்து, இன்னொரு பிள்ளையும் அதே வண்டியில் ஏறுகிறது என்றால். 2022-ல் கேரளத்தின் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தி வந்து, எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் நாம் எல்லாரும் பயந்தோமே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்த வகை வைரஸ்களிடமும், வாந்தி பேதி கொண்டுவரும் நோரோ வைரஸிடமும் கைக்குப் போடும் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. இங்கே குளோரின்தான், அதாவது பிளீச்தான் கைகொடுக்கும்.

அதையும் அளவோடு. 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, 4 சதவீதம் என்றால் 25 மில்லி. பாட்டில் லேபிளில் சதவீதம் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். கையுறை மாட்டி, கிடப்பதைக் காகிதத்தால் வழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பிறகுதான் பிளீச் தண்ணீர். பிளாஸ்டிக், முன்கம்பி, கைப்பிடி ஆகியவற்றில் 5 நிமிடமாவது ஈரம் காயாமல் நிற்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும், பிள்ளையும் நக்கும். கலர்த் துணிக்கு இது ஆகாது, வெளுத்துவிடும். லேபிள் தாங்கும் சூட்டில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போடுங்கள். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு அதற்குப் பலம் இருக்காது.

பிளீச்சோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். மூத்திரம் ஊறிய சீட்டில் நேராக பிளீச் ஊற்றினாலும் நெடி கிளம்பும், அதற்காகவும்தான் முதலில் சோப்பு. கிணற்றில் போட வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடர் இருக்கிறதே என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். பிரித்து வைத்த பாக்கெட்டில் குளோரின் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும், எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் அளக்க முடியாது. கூடவே சுண்ணாம்புத் தூள் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒக்கி மாதிரிப் புயல் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கு வேண்டுமானால் அது சரி.

சக்கரத்துக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். முட்டம், சங்குதுறை, குளச்சல் என்று ஞாயிறு சாயங்காலம் எங்கே போனாலும் மணல் வீட்டுக்கு வருகிறது. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டும் சிர்கானும் கார்னெட்டும் கலந்திருக்கும். கடினமான மணி மணியான கனிமங்கள். அவை அச்சுக்குள் புகுந்தால் பிளாஸ்டிக்கை அரைத்துவிடும். தரையில் உருட்டும்போது கரகரவென்று கேட்பது அந்தச் சத்தம்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அச்சைச் சுற்றி அம்மாவின் நீள முடி, பூ கட்டும் நூல் எல்லாம் இறுகச் சுற்றியிருக்கும். கத்தரியால் வெட்டி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, துடைத்துக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம். அடுத்த கடற்கரைப் பயணத்தில் அந்த எண்ணெயே மணலை அள்ளிப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்து வழிவதைத் துடைத்தால் நிற்கும்.

அப்புறம் ஒரு ஆதங்கம். வண்டியில் அதிகம் கை படும் இடம் கைப்பிடி. மீன் வாங்கிய கை, பைக் ஓட்டிய கை, கோயிலிலும் திருவிழாவிலும் "கொண்டா, நான் தள்ளுதேன்" என்று ஆசையாக வாங்குகிற எல்லார் கையும் அதில்தான். அதே கை உடனே பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளும். கைப்பிடியைத் தினமும் ஒருமுறை சோப்புத் துணியால் துடைக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் வீட்டுக்குள் வருகிற பெரியவர்களிடம் "கை கழுவிட்டுத் தூக்குங்க மாமா" என்று சொல்ல, பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் நம் வீடுகளில் உரிமை இல்லை. சொன்னால் திமிர் என்கிறார்கள். பிறகு பிள்ளைக்குச் சளி பிடித்தால், வண்டியைச் சுத்தமாக வைக்கவில்லை என்று கேள்வியும் அவளிடம்தான் வரும். இதை வீட்டு ஆண்கள் தங்கள் வாயால் சொல்லிப் பழகலாம். வண்டியைக் கழுவும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டால் இன்னும் சந்தோஷம்.

அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கழுவிக் காயவைத்த பிறகு பெல்ட்டை முழுக்க உருவிப் பாருங்கள், நூல் பிரிந்திருக்கிறதா என்று. சரிவான இடத்தில் ஒரு அரிசிப் பையை ஏற்றி பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் சரிசெய்து கொடுங்கள், முடியாவிட்டால் ஆக்கருக்கு, அதாவது பழைய இரும்புக்கு, போட்டுவிடுங்கள். தங்கையின் வண்டியில் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. பக்கிள் மட்டும் இன்னும் ஒட்டுகிறதாம், நாளைக்கு மறுபடியும் தண்ணீரில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.