கீழடியில் மாநில நிதியின் பங்கு

"கீழடியை முழுக்கத் தோண்டியது மத்திய அரசு, வரலாற்றுக் கல்விக்கு மாநிலப் பணம் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது சரியில்லை. மதுரை அருகே உள்ள கீழடி அகழாய்வில், 2015இலிருந்து முதல் மூன்று கட்டங்களை மத்திய தொல்லியல் துறை தோண்டியது உண்மைதான். 2018இல் நான்காம் கட்டத்திலிருந்து தோண்டியது தமிழ்நாடு தொல்லியல் துறை. கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்ட கரிம மாதிரி கிடைத்ததே அந்தக் கட்டத்தில்தான்! 2023இல் திறந்த அருங்காட்சியகமும் மாநில அரசு கட்டியதே.

அப்புறம், பானை ஓட்டில் கீறிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்தை நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா? பஸ் செலவுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் வேண்டும். மதுரைக்காரர்கள் தயவுசெய்து உங்கள் தொகுதி எம்எல்ஏவுக்கு எழுதுங்கள்: சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில், வரலாற்றுக் கல்விக்கான ஒதுக்கீட்டைக் குறைக்க விடக் கூடாது.