கூட்டத்தில் ஒருவரையும் விட்டுவிடாத கை

மார்வல், டிசி என்ற இரண்டு அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்களும் 2003ஆம் ஆண்டில் இணைந்து கொண்டுவந்த, ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் வரைந்த ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் தொடரின் மூன்றாவது இதழை மேசையில் கவிழ்த்து, முன்னட்டையும் பின்னட்டையும் ஒரே படமாகத் தெரியும்படி விரித்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். அதுவரை டிசியின் ஜஸ்டிஸ் லீக் (ஜேஎல்ஏ), மார்வலின் அவெஞ்சர்ஸ் ஆகிய இரு நாயகர் அணிகளில் உறுப்பினராக இருந்த அத்தனை பேரும், ஏறத்தாழ 200 பேர், அந்த ஒரே சித்திரத்துக்குள் இருக்கிறார்கள். சூப்பர்மேனையும் கேப்டன் அமெரிக்காவையும் யாராக இருந்தாலும் கவனமாக வரைந்திருப்பார்கள். நான் தேடிப் பார்ப்பது வைப், ஜிப்சி போன்றவர்களை. சில காலமே அணியில் இருந்து, வாசகர்களில் பெரும்பாலோர் மறந்தே போனவர்களை. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாகிவிட்ட முகங்களிலும் கண் எங்கே பார்க்கிறது என்பது தெரிகிறது. உடையின் மடிப்பும் தையலும் தெரிகின்றன. பின்வரிசையை நிழலாக்கிவிட்டுத் தப்பிக்கும் வழக்கம் காமிக்ஸ் ஓவியர்கள் பலருக்கும் உண்டு. ஜார்ஜ் பெரெஸ் அந்த வழியை எடுத்துக்கொள்ளவே இல்லை.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கூட்டம் வரைவதில் கில்லாடி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் போதவில்லை. எண்ணிக்கையைக் காட்டி மலைக்க வைப்பதற்காக அவர் கூட்டத்தை வரையவில்லை என்பதும், ஒரு கதைக்குள் வந்து நிற்கும் எவருக்கும் முகம் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமே அவரது கலையின் அடித்தளம் என்பதும் இத்தனை ஆண்டுகள் படித்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான எண்ணம்.

பெரெஸ் 1954 ஜூன் 9 அன்று நியூயார்க்கின் சவுத் பிராங்ஸில், புவேர்ட்டோ ரீக்கோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். இருபது வயதை எட்டும் முன்பே ரிச் பக்லர் என்ற ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அந்த வழியாகவே மார்வலுக்குள் நுழைந்தார். 1975இல் எழுத்தாளர் பில் மேன்ட்லோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஒயிட் டைகர், தன்னைப் போலவே புவேர்ட்டோ ரீக்கோ வம்சாவளியில் வந்த ஒரு நாயகன். அதே ஆண்டில் அவெஞ்சர்ஸ் இதழ்களையும் வரையத் தொடங்கினார். இளமைக்கால வேலை என்பதால் அந்தப் பக்கங்களில் கோடு இன்னும் பக்குவப்படவில்லை; ஆனால் ஒரே கட்டத்தில் ஏழெட்டுப் பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ஒரு செயலைக் கொடுக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

அது முழுதாகக் கனிந்தது 1980இல், எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மனுடன் டிசிக்காக அவர் தொடங்கிய, இளம் நாயகர்களின் அணியைப் பற்றிய நியூ டீன் டைட்டன்ஸ் தொடரில்தான். சைபார்க், ஸ்டார்ஃபயர், ரேவன் ஆகிய மூவரும் அந்த இருவரின் படைப்புகள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண் என்றால் ஒரே உடலை வரைந்து, முடியின் நிறத்தையும் உடையையும் மட்டும் மாற்றிவிடும் சோம்பல் பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. பெரெஸின் பக்கத்தில் ஸ்டார்ஃபயரையும் ரேவனையும் அதே அணியின் டானா ட்ராயையும் உடையில்லாத வெறும் கோட்டுருவமாகக் காட்டினாலும் யார் யார் என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ஃபயர் உயரமும் வலுவும் கொண்டு மார்பை நிமிர்த்தி நிற்பாள், ரேவன் மெலிந்த தோள்களைத் தன் மேலங்கிக்குள் ஒடுக்கிக்கொள்வாள். குணத்தை வசனத்துக்கு முன்பே நிற்கும் நிலையில் சொல்லிவிடும் வித்தை இது.

அந்தத் தொடரின் எட்டாவது இதழில் பெரிய சண்டை எதுவும் இல்லை. நண்பர்கள் தத்தம் ஒரு நாளைக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். விபத்தில் உடலின் பெரும்பகுதியை இழந்து உலோகத்தால் மறுபடி கட்டப்பட்டவன் சைபார்க்; மனிதர்கள் தன்னைக் கண்டு விலகுவதைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவன். அன்றைக்கு அவன் செயற்கைக் கைகால் பொருத்திய சில குழந்தைகளைச் சந்திக்கிறான். அவர்கள் பயப்படவில்லை, அவன் கையை ஆசையோடு பார்க்கிறார்கள். கோபத்தில் இறுகியே பழகிய அந்த முகம் எப்படி இளகுகிறது என்பதைக் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார் பெரெஸ். கோள்கள் மோதும் அவருடைய பக்கங்களைவிட நான் அதிகமுறை திரும்பிப் போய்ப் பார்த்தவை இவைதான்.

கோள்கள் மோதும் பக்கங்களும் சாதாரணமானவை அல்ல. டிசியின் கதைகளில் பல பூமிகள் குவிந்து, எந்த நாயகன் எந்த உலகத்தைச் சேர்ந்தவன் என்பதே புதிய வாசகருக்குப் புரியாத நிலை வந்தபோது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடத் தீட்டப்பட்டதே க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் என்ற 12 இதழ்த் தொடர். 1985 முதல் 1986 வரை வெளிவந்தது. நிறுவனத்தின் ஐம்பது ஆண்டுப் பாத்திரங்களையெல்லாம் வரைய வேண்டிய அந்தப் பொறுப்பைத் தண்டனையாக நினைத்திருக்கக்கூடியவர்கள் உண்டு. பெரெஸுக்கு அது திருவிழா. ஏழாவது இதழின் அட்டைப்படத்தில் சூப்பர்மேன், இறந்துபோன சூப்பர்கேர்ளின் உடலைக் கைகளில் ஏந்தி நின்று அழுகிறான். அதற்குப் பிறகு எத்தனையோ ஓவியர்கள் அந்த நிலையை மறுபடி மறுபடி வரைந்துவிட்டார்கள். நகல்களில் பலவும் தவறவிடுவது பின்னணியைத்தான்; மூலத்தில் அவனுக்குப் பின்னால் நாயகர்கள் வரிசையாகத் துக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் அந்த அழுகை ஒரு குடும்பத்தின் இழவாகிறது.

1987இல் ஒண்டர் உமனைப் புதிதாகத் தொடங்கியபோது அவர் கதைப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். ஒண்டர் உமனான டயானாவைக் கிரேக்கத் தொன்மத்தின் மண்ணில் ஆழமாக ஊன்றி, தெய்வங்களின் உலகத்தைச் செங்குத்தாகவும் தலைகீழாகவும் அடுக்கிய மாளிகைகளாக வரைந்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்தத் தொடரோடு இருந்தார். இன்று திரையில் நாம் காணும் ஒண்டர் உமனுக்குக் கிடைத்திருக்கும் கம்பீரத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அவருடைய ரசிகன் என்பதற்காகக் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு, பதினைந்து கட்டங்களை அடுக்கும்போது கண்ணுக்கு மூச்சுவிட இடமிருக்காது. சின்ன அளவில் மறுபதிப்பான பக்கங்களில் நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். மார்வலின் இன்ஃபினிட்டி காண்ட்லெட் தொடரை 1991இல் தொடங்கியவர் நான்காம் இதழின் நடுவில் விலகிக்கொள்ள, மீதியை ரான் லிம் என்ற ஓவியர் வரைந்தார். மாதந்தோறும் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் கேட்கும் ஒரு தொழிலில், எதையும் சுருக்கி வரையத் தெரியாத ஒருவர் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. அவசரப்பட்டுப் பாதி முகங்களை நிழலாக்கி அவர் முடித்துத் தந்திருந்தால் மகிழ்ந்திருக்கமாட்டேன் என்பதால், அந்தப் பாதியில் நின்ற வேலையையும் நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

மேசையில் விரித்து வைத்திருக்கும் இந்த இதழுக்கே அப்படி ஒரு முன்கதை உண்டு. இரண்டு அணிகளும் சந்திக்கும் கதை 1980களின் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டு, பெரெஸ் இருபது பக்கங்கள் வரை வரைந்தும் விட்டார். நிறுவனங்களுக்கிடையே ஒத்துப்போகாமல் 1983இல் அது கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, கர்ட் பியூசிக் எழுத, அதே இரு அணிகளும் சந்திக்கும் புதிய கதையொன்றை அவர் முதலிலிருந்து வரைந்து முடித்தார். நான்கே இதழ்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் காத்திருப்பின் பசி தெரிகிறது.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்களில் பலர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியே வாழ்ந்தவர்கள். பாத்திரங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம், முதுமையில் ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ இல்லாமல் தவித்தவர்கள் அவர்களில் ஏராளம். அத்தகையோருக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்பின் நிர்வாகக் குழுவில் பெரெஸ் இருந்தார். நீரிழிவு, இதயக் கோளாறு, பார்வைக் குறைபாடு ஆகியவற்றால் 2019 ஜனவரியில் அவர் ஓய்வை அறிவித்தார். 2021 டிசம்பரில், தனக்குக் கணையப் புற்றுநோய் இருப்பதையும், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்பதையும், மருத்துவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கெடு சொல்லியிருப்பதையும், சிகிச்சை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்ற தன் முடிவையும் வாசகர்களுக்குத் தானே எழுதித் தெரிவித்தார். நெடுங்காலமாக அச்சில் இல்லாமல் இருந்த ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸை 7,000 பிரதிகள் மட்டும் மறுபதிப்புச் செய்ய இரு நிறுவனங்களும் இணங்கின; 2022இன் தொடக்கத்தில் ஹீரோ இனிஷியேட்டிவ் வழியாக அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 2022 மே 6 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். வயது 67.

அந்தக் கடிதத்தில் அவர் ஓர் ஆசையைச் சொல்லியிருந்தார். போவதற்குள் கடைசியாக ஒருமுறை புத்தகங்களில் கையெழுத்திடும் நிகழ்ச்சி நடத்தி, வருகிற ரசிகர்களோடு முடிந்தவரை படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் கட்டியணைத்து விடைபெற வேண்டும் என்பதே அது. ஒவ்வொருவரையும் என்று அவர் எழுதியதைப் படித்தபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது இந்த அட்டையைத்தான். அவர் மறைந்து இரண்டு வாரம் கழித்து ஓர்லாண்டோவின் மெகாகான் ரசிகர் மாநாட்டில் நடந்த நினைவேந்தலுக்கு ரசிகர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள்.