சான்ஸ்-செரிஃப் என்று போட்டுவிட்டால் முடிந்ததா?

தமிழ் இணையத் தளங்களின் சிஎஸ்எஸ் கோப்பை, அதாவது பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்பைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு வேண்டாத பழக்கம். பல இடங்களில் ஒரே கதைதான். முதலில் கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து எடுத்த அழகான எழுத்துரு, அது இல்லாவிட்டால் அடுத்து ஏரியல், கடைசியில் சான்ஸ்-செரிஃப், அதாவது 'இருக்கும் ஏதாவதொரு கொம்பில்லாத எழுத்துருவைப் போடு' என்ற பொதுப் பெயர். நடுவில் நிற்கும் அந்த ஏரியலில் தமிழ் எழுத்தே கிடையாது! முதல் எழுத்துரு வராவிட்டால் தமிழின் பாடு பிரவுசரின் பாடு என்று விட்டாயிற்று.

'வராவிட்டால்' என்பது எப்போதோ நடப்பது அல்ல. நெட் மெதுவாக இருந்தால் வாசகர் முதலில் படிப்பதே மாற்று எழுத்துருவில்தான். அசல் வந்து சேர்ந்ததும் எழுத்தின் அகலம் மாறி, பத்தி நீண்டோ சுருங்கியோ, படித்துக்கொண்டிருந்த வரி எங்கோ போய்விடும். அதனால் மாற்று எழுத்துருவையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

யாரிடம் என்ன இருக்கிறது? விண்டோஸில் ரொம்ப நாள் லதா என்ற எழுத்துருதான் ராணி. விண்டோஸ் 8 வந்தபோது நிர்மலா யூஐ அந்த இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பத் தேர்வாகிவிட்டன. தமிழ் மொழியைச் சேர்த்தால்தான் வரும். இன்றும் லதாவை மட்டும் எழுதி வைத்திருக்கும் தளங்கள் பல கணினிகளில் இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. மேக்கிலும் ஐபோனிலும் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. அந்த எம்என், மலேசிய எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. மேக்கில் உள்ள இணைமதியும் அவர் செய்ததே. ஆண்ட்ராய்டில் நோட்டோ. லினக்ஸில் நோட்டோ அல்லது லோஹித்.

நான் போடும் வரிசை இது: தளத்தின் சொந்த எழுத்துரு, பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ, தமிழ் சங்கம் எம்என், லதா, லோஹித் தமிழ், கடைசியில் சான்ஸ்-செரிஃப். ஆண்ட்ராய்டுக்கு அந்தக் கடைசிப் பெயரே போதும், தானாக நோட்டோவுக்குப் போய்விடும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்டிஎம்எல்லிலும் சொல்லிவிடுங்கள். அளவு வித்தியாசம் கண்ணை உறுத்தினால், கணினியில் உள்ள எழுத்துருவையே சிஎஸ்எஸ்ஸின் ஃபாண்ட்-ஃபேஸ் பகுதியில் வேறு பெயரில் அறிவித்து, சைஸ்-அட்ஜஸ்ட் என்ற அமைப்பின் மூலம் சில சதவீதம் கூட்டியோ குறைத்தோ அசலுக்கு அருகில் கொண்டுவரலாம். அரை மணி நேர வேலை. ஆனால் யாரும் செய்வதில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது உயர விஷயத்தில்தான். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரம் தமிழுக்குப் போதாது. நமக்கு மேலே புள்ளியும், 'கி'யில் வருவது போன்ற விலங்கும், கீழே வாலும் உண்டு. லைன்-ஹைட் 1.2 என்று வைத்து, பட்டனுக்கு உயரத்தையும் பூட்டி, மிஞ்சுவதை மறைத்துவிட்டால் 'க்' புள்ளியிழந்து 'க' ஆகும். 'து' வாலிழந்து 'த' மாதிரி தெரியும். வடிவமைப்பாளரின் மேக்கில் சரியாகத்தான் இருந்திருக்கும். வேறு எழுத்துரு, வேறு உயரம் என்று வரும்போதுதான் வெட்டு விழும். பத்திகளுக்கு நான் 1.6-க்குக் கீழே இறங்குவதில்லை. பட்டன்களுக்கு உயரத்தைப் பூட்டாமல் மேலும் கீழும் இடம் விட்டால் போதும்.

அப்புறம் போல்டு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் பிரவுசர் தானே மை பூசிக் கொழுக்க வைக்கும். 'ண', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இட்டாலிக் இன்னும் மோசம். தமிழ் எழுத்துருக்களில் அநேகமாக அப்படி ஒரு வடிவமே இருக்காது, நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். சிஎஸ்எஸ்ஸில் 'ஃபாண்ட்-சிந்தெசிஸ்: நன்' (font-synthesis: none) என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டும் நின்றுவிடும். மேற்கோளைப் பிரித்துக் காட்ட நிறமோ ஓரக்கோடோ போதாதா?

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் தளத்தின் சொந்த எழுத்துருக் கோப்பை மட்டும் தடுத்துவிட்டு, ஒரு விண்டோஸ் கணினியிலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் முகப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எது எங்கே வெட்டுப்படுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால், சேர்ந்தே சரி செய்யலாம்.