ஸேடோவனுக்கு ஒரு வரி போதாது

அமெரிக்க ராப் இசையின் ஒரு வகையான ட்ராப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, இசைத் தயாரிப்பாளர்களான லெக்ஸ் லூகருக்கும் மெட்ரோ பூமினுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, அவர்களைப் போன்ற இன்னொரு தயாரிப்பாளரான ஸேடோவனை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு இது பெரிய குறை.

அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். அட்லாண்டாவுக்கு வந்தபின் முடிதிருத்தும் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். ராப் பாடகர் கூச்சி மேனின் அறிமுகம் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். ஸேடோவனின் அம்மா வீட்டின் அடித்தளத்தில் இருந்த ஸ்டுடியோவில் இருவரும் பாட்டு பாட்டாகப் பதிவு செய்தார்கள். 2005இல் வந்த ‘ஐசி’ பாடல் இந்தக் கூட்டணியை வெளியுலகுக்குக் காட்டியது.

லூகரின் ட்ராக் கோட்டை முரசு போல அதிரும். 2010இல் ராப் பாடகர் வாக்கா ஃப்ளாக்காவுக்கு அவர் செய்த ‘ஹார்ட் இன் த பெயின்ட்’ அதற்குச் சரியான உதாரணம், மறுக்கவில்லை. ஸேடோவன் வேறு வழி. 808 எனும் மின்னணு டிரம் கருவியின் கனத்த பேஸ் ஒலி கீழே உறுமிக்கொண்டிருக்க, மேலே பியானோ விரல்கள் ஓடும். ஞாயிறு ஆராதனையில் பழகிய கை அது. புகழ் வந்த பிறகும் தேவாலயத்தில் வாசிப்பதை அவர் விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

2013இல் மிகோஸ் என்ற ராப் குழுவின் ‘வெர்சாச்சி’ பாடலும் இவர் தயாரிப்புதான். மூன்று மூன்றாக அசைகளை அடுக்கும் அந்தப் பாணி அதன்பின் எங்கெல்லாம் பரவியது! புகழ்பெற்ற ராப் பாடகர் ட்ரேக்கே அதன் ரீமிக்ஸில் பாடினார். ராப் பாடகர் ஃப்யூச்சருடன் 2015இல் வந்த ‘பீஸ்ட் மோட்’ பாடல் தொகுப்பு பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. ஆசிரியர் அதை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டு, ஸேடோவனுக்கென்று தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.